குடத்தோடு நுழைய ஒரு வாசல்

கல்யாணமாகி வந்த புதிதில் என் நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். கிணற்றடியில் பார்த்த பெண்கள், புருஷன் அடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாவம், அவர் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. என்னை அடித்ததெல்லாம் அந்த வீட்டு வாசல்தான்.

நான் கோலியனூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் அப்பா வகையில் எல்லோரும் நெட்டை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கல்யாணக் கூட்டத்தில் என் தலை மட்டும் தனியாகத் தெரிந்ததாம். என் மாமியார் என் தோளுக்குக்கூட வரமாட்டார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "பொண்ணு பாக்கப் போனவன் பனமரத்தப் பாத்துட்டு வந்துட்டான்" என்று ஊரெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு, அடுப்புக்கு மேலே தொங்கும் உறியிலிருந்து சட்டியை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலும் நெஞ்சு உயரம்தான். மண்சுவர், மேலே பனை ஓலைக் கூரை. கூரை தாழ்ந்து இறங்கினால்தான் மழைச்சாரல் சுவரில் படாது, சுவர் கரையாது. அது ஒரு காரணம். தெருவோடு எல்லோரும் குனிந்தே போய் வந்து பழகிவிட்டோம், அது இன்னொரு காரணம். வெறுந்தலையோடு குனிவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று, அதை இறக்கி, குனிந்து, உள்ளே தள்ளிக்கொண்டு போவதுதான் பெரிய வேலை. மற்ற பெண்களுக்கு அது கை வந்த வித்தை. எனக்குப் பாதித் தண்ணீர் வாசலிலேயே போய்விடும். இரண்டு மண்குடம் உடைந்தும் போயிற்று. மூன்றாவதை உடைத்த அன்று அத்தை ஓட்டையெல்லாம் தானே பொறுக்கிக் குப்பையில் போட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அந்த வீட்டில் அத்தை, என் வீட்டுக்காரரின் அண்ணன், அவர் மனைவி, அவர்கள் பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர், மழை வந்தால் ஆடுகள், எல்லோரும் ஒரே அறைதான். அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு அடுத்த பிள்ளையும் பிறந்ததும் அண்ணனே சொல்லிவிட்டார், தம்பி, இனிமேல் தாங்காது, நீ தனியாக ஒரு வீடு போட்டுக்கொள் என்று. தெருக் கோடியில், ஏரி பக்கமாக, என் வீட்டுக்காரருடைய தாத்தா காலத்து வீடு இடிந்து போன மேடு ஒன்று கிடந்தது. அதில் ஆவாரஞ்செடி முளைத்துக் கிடந்தது. அதுதான் எங்கள் மனை.

என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்குகிறவர். பேச்சு கம்மி. நாள் முழுக்க மூட்டை தூக்கினால் பேச மூச்சு எங்கே மிச்சம் இருக்கும் என்று அத்தை அதற்கும் ஒரு காரணம் சொல்வார். அன்று சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் நான் கேட்டுவிட்டேன்.

"வூடு எப்டி வேணா இருக்கட்டும். சின்னதா இருந்தாலும் சரி. வாசலு மட்டும், நான் தண்ணிக் கொடத்த தலையில வச்சிக்கினு நிமிந்தாப்புல உள்ள போறா மாதிரி இருக்கணும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். மறுநாள் கூழ் குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் அதை அப்படியே சொன்னார். அக்கா சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம் தெருவில் அப்படி யாரும் வாசல் வைத்ததில்லையே, ஊர்க்காரர்கள் வந்து பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தார். அத்தைக்கு வேறு கவலை. வாசல் உயர்ந்தால் சுவர் உயர வேண்டும், சுவர் உயர்ந்தால் கூரை உயர வேண்டும், கூரை உயர்ந்தால் சாரல் அடிக்கும், ஒரே ஐப்பசியில் வீடு திரும்பவும் மேடாகிவிடும். அத்தை சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கூரையை முன்னால் இன்னும் நீட்டி இறக்கிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். அதற்கு ஓலை அதிகம் வேண்டும். வேண்டும்தான், வெட்டுகிறேன் என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

ஆவணி முடிவதற்குள் பால் காய்ச்சிக் குடி போய்விட வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டோம். புரட்டாசியில் யாரும் புது வீடு புகமாட்டார்கள். அதைவிட்டால் ஐப்பசி, அடைமழை. கூரை இல்லாமல் நிற்கிற மண்சுவரை அடைமழையில் விட்டால் பாயசம்தான்.

வாசலுக்கு நிலைச்சட்டம், அந்த வாசக்கால்தான் முதல் வேலை. திண்டிவனத்து ஆசாரி எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். அவர் பட்டறையில் செய்து வைப்பார், நாங்கள் போய் எடுத்து வர வேண்டும். ஆகவே அளவை நாங்கள்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்களில் யாருக்கும் அடிக்கோலில் இருக்கிற எழுத்தைப் படிக்கத் தெரியாது. கயிறு போதும், அதில் ஒரு முடிச்சு போதும்.

நல்ல நேரம் பார்த்து மனையில் என்னை நிற்க வைத்தார்கள். நான் இடுப்பில் குடத்தோடு போய் நின்றேன். குடம் காலி. கிணற்றுக்குப் போய் வர நேரம் இல்லை. அத்தைக்கு வந்ததே கோபம். மனையில் முதல் அளவு எடுக்கும்போது வெறுங்குடத்தைக் கொண்டு வந்து காட்டுகிறாயா, அதைக் கொண்டுபோய் மரத்தடியில் வை என்று விரட்டினார். வைத்தேன். அதனால் என்னை மட்டும் அளந்தார்கள். கால் கட்டைவிரலில் இருந்து உச்சந்தலை வரைக்கும் கயிறு பிடித்தார் என் வீட்டுக்காரர். பிறகு அத்தையே மரத்தடிக்குப் போய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, குடத்தைத் தன் கையால் ஜாண் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கயிற்றில் அத்தனை ஜாணைக் கூட்டினார். அதற்கு மேலே ஒரு விரற்கடை சேர்த்தார். முடிச்சு போட்டாயிற்று. வாயால் ஏசினாலும் அத்தை அளவில் கஞ்சத்தனம் பண்ணவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கயிற்றைப் பார்த்த ஆசாரி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாராம். "உங்க தெருவுல இவ்ளோ ஒசரம் எதுக்குடா?" என்று கேட்டாராம். "எம் பொண்டாட்டி அவ்ளோ ஒசரம், ஆசாரியாரே" என்று இவர் சொன்னாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. கூட மூட்டை தூக்குகிறவர் வந்து சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குக் கேப்பைக் களியோடு கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

வேப்பமர வாசக்கால். வண்டியில் வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. பிள்ளைகள் அதைப் படுக்க வைத்தபடியே உள்ளே ஓடி வெளியே ஓடி விளையாடின. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினோம். கீழே குழியில் நவதானியம் போட வேண்டும். எங்களிடம் இருந்த தானியத்தை எண்ணிப் பார்த்தால் ஒன்பது வரவில்லை. கேப்பை, கம்பு, மல்லாட்டை, காராமணி, எள்ளு என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தோம். பாலைத் தெளித்து நட்டார்கள். நட்ட வாசக்காலை அப்புறம் அசைக்கக் கூடாது. அசைத்தால் அந்த வீட்டில் விளக்கு தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குடி போகிற நாள் வரைக்கும் அதன் வழியாகத் தண்ணீர்க் குடமும் போகக் கூடாது. முதல் குடம் நிறைகுடமாக, குடி போகிற அன்றைக்குத்தான் நுழைய வேண்டும். வேலைக்குத் தண்ணீர் வேண்டுமானால் சுவர் எழும்பாத பக்கமாகச் சுற்றிக் கொண்டு போவோம். சுவர் எழும்பின பிறகு அதற்கு மேலே தூக்கி உள்ளே கொடுப்போம், கூரை ஏறிய பிறகு சட்டியில் மொண்டு எடுத்துப் போவோம்.

மண் மிதிக்கிற வேலை இருக்கிறதே, அதைப் போல ஒரு கொண்டாட்டம் நான் பார்த்ததில்லை. முதல் நாளே மண்ணை வெட்டித் தண்ணீர் விட்டு ஊற வைப்போம். விடிந்ததும் அக்கா, நான், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்குவோம். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு வட்டமாக மிதிப்போம். அக்கா பாட்டு இழுப்பாள். பாட்டில் ஊரில் உள்ள எல்லா மாமியார்களும் வருவார்கள். அத்தை கூழ்ப்பானையோடு வந்து நின்றால் உடனே பாட்டு சாமி பாட்டாக மாறிவிடும். மிதித்த மண்ணை உருட்டி ஆண்கள் கையில் கொடுக்க, அவர்கள் சுவரில் வைத்து அறைவார்கள். ஒரு முழம் எழுப்பினால் அது காய விட வேண்டும். காய்ந்த பிறகுதான் அடுத்த முழம். அவசரப்பட்டால் சுவர் தொந்தி போட்டுவிடும்.

மண் பிடித்து நிற்க வைக்கோல் கலப்பார்கள். எங்களிடம் நெல் வைக்கோல் இல்லை, கேப்பைத் தாள்தான் இருந்தது. அதைச் சரியாக அடிக்காமல் கொண்டு வந்து போட்டுவிட்டார் அண்ணன். கதிரில் தானியம் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கோடை மழை தூறிவிட்டுப் போனது. சில நாளில் பார்த்தால் சுவர் முழுக்கப் பச்சை. கன்னத்தில் புதுசாகத் தாடி முளைத்த பையன் மாதிரி வீடு நிற்கிறது. தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு ஆடு ஒன்று முன்னங்காலைச் சுவரில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டை மேய்ந்தது. நான் குச்சியோடு ஓடினேன். அத்தை என்னைத் தடுத்துவிட்டார். "வுடுடி. குடி போறதுக்கு முந்தியே உன் வூடு சோறு போடுது" என்றார். அத்தை அந்த வீட்டைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். வெயிலில் பயிர் காய்ந்து போயிற்று. ஆடு கடித்த குழிகளை மண் வைத்துப் பூசினேன். அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், மண்ணெண்ணெய் கிடைக்காது, ஆகவே எல்லா வேலையும் பொழுதோடுதான். இருட்டினால் படுத்துவிடுவோம். விழுப்புரத்துக்குப் போகிற ரயில் சத்தம் கேட்டால், இன்று சுவர் எவ்வளவு எழும்பியது என்று படுத்தபடி மனசால் ஏறிப் பார்ப்பேன்.

ஆடியில் பனஞ்சட்டம் ஏறியது. கூரை வேய்கிற நாளில் தெரு ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். கூலி கிடையாது, சாப்பாடுதான். நாளைக்கு அவர்கள் கூரைக்கு இவர் போவார். முன்பக்கம் ஓலையை நீட்டி இறக்கினார்கள், சொன்னது போலவே. அக்காவும் நானும் உள்ளே தரை போட்டோம். மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இடித்து, உள்ளங்கை கன்றிப் போயிற்று. தரை கல் மாதிரி ஆயிற்று. சாணம் போட்டு மெழுகுவது மட்டும்தான் பாக்கி. ஆவணியில் நாளும் பார்த்தாயிற்று. கிழக்கே கடல் பக்கம் மேகம் கூட ஆரம்பித்திருந்தது.

குடி போகிற நாளுக்கு முந்தின நாள் அக்காதான் கேட்டாள். "ஏம்மே, இவ்ளோ பண்ணியே, கொடத்தோட ஒரு தபா நின்னு பாத்தியா?" உள்ளே போகக் கூடாது, வாசலுக்கு வெளியே நின்று பார்க்கலாமே என்றாள். எனக்கும் ஆசைதான். கிணற்றில் நிறைத்து, தலையில் வைத்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரி நடந்து வந்தேன். வாசற்படி வரைக்கும் வந்து இன்னும் ஒரு எட்டு வைத்தேன். தலைக்கு மேலே டொக் என்று ஒரு சத்தம்.

குடத்தின் வாய் மேல்கட்டையில் இடித்து நின்றது. தண்ணீர் என் முகத்தில் வழிந்தது. அத்தை கயிற்றை எடுத்து வந்து, என்னையும் குடத்தையும் திரும்ப அளந்தார். சரியாகத்தான் இருந்தது. வாசக்காலை அளந்தார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஆசாரி மேல் தப்பு இல்லை. அப்புறம் அக்கா என் தலையையே உற்றுப் பார்த்தாள். மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"அத்தே, சும்மாடு."

பழந்துணியைச் சுருட்டித் தலைக்கும் குடத்துக்கும் நடுவில் வைக்கிறோமே, அந்தச் சும்மாடு. அதை அளக்கவில்லை. அங்கே நின்ற அத்தனை பெண்களும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சும்மாடு வைக்கிறவர்கள். அது எங்களுக்குத் தலைமயிர் மாதிரி. அதற்கென்று ஓர் உயரம் உண்டு என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. முதலில் அக்கா சிரித்தாள், பிறகு எதிர்வீட்டுப் பெண், அப்புறம் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகை வந்துவிட்டது. நான்கு விரற்கடை. ஒரு சும்மாட்டு உயரம். அதற்காக மறுநாள் நான் நிறைகுடத்தை இறக்கிவைத்து, குனிந்து, தள்ளிக்கொண்டுதான் என் வீட்டுக்குள் போக வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தானே இவ்வளவு மண்ணையும் மிதித்தேன்.

சும்மாடு இல்லாமல் வைத்துக்கொண்டு போயேன் என்றார் அத்தை. பத்து அடிதானே என்றார். வைத்துப் பார்த்தேன். மண்குடம் வெறுந்தலையில் வழுக்கியது. அதுவும் உடைந்தால் நாளைக்கு நிறைகுடமே இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாமே என்றாள் எதிர்வீட்டுப் பெண். போகலாம்தான். அதற்கு இத்தனை உயர வாசல் எதற்கு?

பொழுது சாயும்போது இவர் மண்டியிலிருந்து வந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். அத்தை ஓடிப் போய் வாசக்காலைக் கட்டிக்கொண்டார். நட்டதைப் பிடுங்க விடமாட்டேன், என்னை வெட்டிவிட்டுப் பிடுங்கு என்றார். நானும் இவர் கையைப் பிடித்தேன். எனக்கும் பயம்தான். விளக்கு தங்காத வீட்டில் உயர வாசல் இருந்து என்ன செய்ய?

"வாசக்கால எவன் தொட்டான்?" என்றார் அவர். "நவுருமா. நான் தரையத்தான் தொடப் போறேன்."

வாசற்படிக்கு வெளியே மண்ணில் ஒரு போடு போட்டார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வாசக்கால் இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியே படியையும் உள்ளே தரையையும் நான்கு விரல் இறக்கிவிட்டால் நான் நான்கு விரல் குட்டையாகிவிடுவேன். அத்தை கைகளை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். அக்காவும் நானும் உள்ளங்கை கன்ற இடித்த தரையைப் பார்த்தோம்.

"அய்யோ, என் தரை" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே கூடையை எடுத்துவிட்டாள்.

மேடு என்பதால் தரை இறங்கினாலும் மழைத் தண்ணீர் உள்ளே வராது என்று அண்ணன் வந்து பார்த்துச் சொன்னார். அவரும் ஒரு மண்வெட்டி எடுத்தார். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் வெட்டினார்கள். நாங்கள் அள்ளிக் கொட்டினோம். கல் மாதிரி இடித்த தரை அவ்வளவு லேசில் வரவில்லை. நாங்கள் நன்றாகத்தான் இடித்திருக்கிறோம் என்று அக்காவுக்கு அதிலும் ஒரு பெருமை. அள்ளிய மண்ணில்தான் அத்தை எனக்கு அடுப்பு போட்டார். விடிவதற்கு முன்னே திரும்பவும் தண்ணீர் தெளித்து இடித்து, சாணம் மெழுகி, கோலம் போட்டோம். மெழுகினது முழுசாகக் காயவில்லை. வாசலில் இருந்து அடுப்பு வரைக்கும் எல்லோர் காலடியும் பதிந்துதான் இருந்தது, ரொம்ப நாளைக்கு.

நேரம் வந்தது. கிணற்றிலிருந்து நிறைகுடம். மஞ்சள் சேலை. சும்மாட்டை அத்தையே சுருட்டி என் தலையில் வைத்தார். வழக்கத்தைவிடப் பெரிய சும்மாடு. நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். "போவும். நான் காலையிலேயே அளந்துட்டேன்" என்றார், உதடு அசையாமல். குடம் ஏறியதும், அதைப் பிடிக்காமல் கையை எடுத்துவிட்டுத்தான் நடந்தேன். இரண்டு பக்கமும் ஜனம். வாசற்படியை மிதிக்காமல் வலது காலைத் தாண்டி வைத்தேன். தலைக்கு மேலே மாவிலை குடத்தை உரசியது, அவ்வளவுதான். இன்னொரு கால். உள்ளே நிற்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. நிமிர்ந்தபடியே திரும்பிப் பார்த்தேன், கல்யாணமாகி வந்த பிறகு நெற்றி இடிக்காமல் ஒரு வீட்டுக்குள் நின்று வெளியே பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏரி தெரிந்தது.

எனக்குப் பின்னால் அத்தை, கையில் விளக்கோடு. அத்தை என்ன உயரம் என்று முதலிலேயே சொன்னேன். அந்த வாசலில் அத்தையின் தலைக்கு மேலே ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாம். வாசலுக்கு வந்தார். வந்ததும் இடுப்பு மடங்கி, கழுத்தை உள்ளே இழுத்து, முழுசாகக் குனிந்து நுழைந்தார். ஆயுசு முழுக்கக் குனிந்த உடம்பு, அது வாசல் என்று கண்டதும் தானாகக் குனிந்துவிட்டது. உள்ளே வந்து நிமிர்ந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வெளியே ஒரே சிரிப்பு. பால் காய்ச்ச அடுப்பு பற்ற வைக்க வேண்டும், நேரம் போகிறது என்று அண்ணன் அவசரப்படுத்தினார்.

"இருடா" என்றார் அத்தை.

விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டார். பிறகு, தலையில் தண்ணீர்க் குடம் இருப்பது போல, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, மெதுவாக உள்ளே வந்தார்.